எடை மேடைக்குப் பக்கத்தில் ஒரு பயிற்சியாளர்

பள்ளிக்கூட மல்யுத்தம் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஊர்த் திருவிழா மாதிரி. பிப்ரவரியில் தலைநகர் டெமாய்னில் நடக்கும் மாநிலப் போட்டிக்குக் கொட்டும் பனியிலும் கூட்டம் திரளும். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் தங்கம் வென்ற டான் கேபிள், இங்குள்ள வாட்டர்லூ ஊர்க்காரர். பள்ளியில் ஆடிய 64 ஆட்டங்களிலும் வென்றவர். அவர் பெயரில் அங்கே அருங்காட்சியகமே உண்டு. பள்ளியில் அவரைப் பழக்கிய பாப் சிடன்ஸை வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்? அப்படி ஒரு பள்ளிப் பயிற்சியாளரின் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்றுதான் அந்த வட்டாரத்தில் ஒரு பள்ளிக்குப் போனேன்.

பகலெல்லாம் அங்குள்ள பயிற்சியாளர் வரலாற்று ஆசிரியர். பயிற்சிக்கென்று கிடைப்பது சம்பளத்தோடு சேரும் ஒரு சிறு தொகை. மணி அடித்து வகுப்பு கலைந்ததும் பயிற்சி அறைக்கு வந்து, கிருமிநாசினி நனைத்த துடைப்பானால் மெத்தை விரிப்பு முழுவதையும் தானே துடைத்தார். ஒருவனுக்குப் படர்தாமரை வந்தால் அணி முழுக்கப் பரவிவிடக்கூடும். போட்டிக்கு முன் நடுவர் தோலையும் நகத்தையும் பார்த்த பிறகுதான் களத்தில் விடுவார்.

பிறகு பயிற்சி. எதிராளியின் ஒற்றைக் காலைப் பற்றித் தரையில் சாய்க்கும் ஒரே பிடியை, ஜோடி மாற்றி மாற்றிச் செய்ய வைத்தார். யாரையும் அதட்டவில்லை. முழங்கால் எங்கே ஊன்ற வேண்டும், தலை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று குனிந்து தொட்டுத் திருத்தினார். ஆட்டம் இரண்டிரண்டு நிமிடமாக மூன்று சுற்று. எதிராளியின் இரு தோள்களையும் இரண்டு விநாடி தரையில் அழுத்திப் பிடித்துவிட்டால் அங்கேயே முடிந்தது.

பயிற்சி முடிந்ததும் ஒரு பையன் தயங்கித் தயங்கி வந்தான். ஒரு எடைப் பிரிவில் ஒருவர்தான் அணிக்காக இறங்க முடியும். 138 பவுண்டில் அவனைவிடக் கெட்டிக்காரன் ஒருவன் நிற்கிறான்; 132 காலி. "இறங்கிடறேன் கோச், ஆறு பவுண்டுதானே!" என்றான். அவர் கணினியைத் திறந்து அவனுடைய கணக்கைக் காட்டினார். பருவத் தொடக்கத்திலேயே ஒவ்வொருவருக்கும் சிறுநீர்ச் சோதனை நடக்கும். உடலில் நீர் வற்றியிருந்தால் அன்று எடுத்த எடை செல்லாது. கொழுப்பளவு பையன்களுக்கு 7 சதவீதத்துக்கும் பெண்களுக்கு 12 சதவீதத்துக்கும் கீழே போகாதபடி கணக்கிட்டு, அவரவர் இறங்கக்கூடிய எல்லை குறிக்கப்படும். அந்த எல்லைக்குள்ளும் வாரத்துக்கு உடல் எடையில் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது. இவன் எல்லை 135. "முடியாதுப்பா. வீட்டுக்குப் போய் நல்லா சாப்பிடு" என்றார்.

அந்தப் பிரிவு காலியாக நின்றால் எதிரணிக்குச் சும்மா 6 புள்ளி போய்விடும். ஊர் மக்கள் மறுநாள் அவரைத்தான் கேட்பார்கள். தெரிந்தேதான் மறுத்தார். அவர்மேல் எனக்குப் பெரும் மரியாதை பிறந்தது அந்த இடத்தில்தான்.

இந்தக் கணக்குக்குப் பின்னால் மூன்று உயிர்கள் இருக்கின்றன. 1997 நவம்பர், டிசம்பரில், ஐந்தே வாரத்துக்குள், எடை குறைக்கப் போராடிய மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இறந்தார்கள். தண்ணீரைக் குறைத்து, வியர்வை வெளியேறாத உடுப்பு மாட்டிக்கொண்டு, சூடான அறையில் பயிற்சி செய்தவர்கள். கல்லூரி விதிகள் உடனே மாறின. பள்ளிகளுக்கு நாடு முழுவதும் விதி வர 2006 ஆகிவிட்டது. அதற்கு முன் பையன்கள் கப்பில் எச்சில் துப்பித் துப்பி எடை இறக்கியதைத் தன் பள்ளிநாளில் பார்த்தவர் இந்தப் பயிற்சியாளர். அவரும் அப்படிச் செய்தவர்தான்.

பெண்களுக்கென்று ஐயோவாவில் அதிகாரப்பூர்வமான மாநிலப் போட்டி 2023-ல்தான் தொடங்கியது. இப்போது அந்த அறையில் பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இவரே கணக்குப் பார்க்கிறார்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் 100 கிராம் கூடுதல் எடையால் இறுதிப் போட்டியை இழந்ததற்கு நாம் எல்லோரும் கண்ணீர் விட்டோம். அதற்கு முந்தைய இரவு முழுக்க அவர் உடல் பட்ட பாட்டைப் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை. நம் ஊரிலும் மல்யுத்தம், ஜூடோ, குத்துச்சண்டை என்று பிள்ளைகள் எடைப் பிரிவுகளில் ஆடுகிறார்கள். பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர், பயிற்சியாளர் வாங்கிய பதக்கங்களை விசாரிப்பதற்கு முன், என் பிள்ளையின் எடையை யார், எப்படி முடிவு செய்கிறீர்கள் என்று கேளுங்கள்.