டாக்டர் எங்கேம்மா?

அம்மாவுக்கு முதுகு வலித்தது. வியர்வை, இரண்டு முறை வாந்தி. வாயுத்தொல்லை என்று ஓமத்தண்ணீர் கொடுத்தேன். இரவு பதினொரு மணிக்கு கேஷுவாலிட்டியில், அவளுக்கு ஈசிஜி எடுத்துக்கொண்டிருந்த இளம்பெண்ணிடம் கேட்டேன்: "டாக்டர் எங்கேம்மா?"

"நான்தான் டாக்டர். அம்மாவுக்கு ஹார்ட் அட்டாக். இங்க கையெழுத்துப் போடுங்க."

பெண்ணெழுத்துப் பாடம் நடத்துகிறவள் நான். வகுப்பில் எத்தனை பேரைத் திருத்தியிருப்பேன்! பெண்களின் மாரடைப்பு நெஞ்சைப் பிடிக்காமல் முதுகிலோ தாடையிலோ வயிற்றிலோ வலியாக வரக்கூடும் என்பதும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

அவர் படித்தது எமர்ஜென்சி மெடிசின். அப்படி ஒரு துறை எப்படி வந்தது என்று பிறகு தேடி வாசித்தேன். அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் அவசரப் பிரிவு யாருக்கும் சொந்தமில்லாத அறைதான். தோல் மருத்துவரோ கண் மருத்துவரோ, அன்றைக்கு முறை வந்தவர் பார்ப்பார். 1968இல் மிச்சிகனின் லான்சிங் நகரில் எட்டு மருத்துவர்கள் கூடி 'அமெரிக்க அவசர மருத்துவர்கள் கல்லூரி'யைத் தொடங்கினார்கள். பெயர்தான் கல்லூரி, உண்மையில் அது ஒரு சங்கம். ஜான் வீகன்ஸ்டைன் முதல் தலைவர். இது தனித்துறையே அல்ல என்ற மற்ற மருத்துவர்களோடு மல்லுக்கட்டி, 1979இல் அங்கீகாரம் வாங்கினார்கள். இந்தியாவில் மருத்துவக் கவுன்சில் ஏற்றுக்கொண்டது 2009இல்.

அந்தத் துறையில் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் பெண் பமேலா பென்சன். 1971இல் பென்சில்வேனியா மருத்துவக் கல்லூரி அவருக்கு இடம் கொடுத்தது. 1850இல் பெண்களுக்கென்றே தொடங்கப்பட்ட கல்லூரி அது. நம் முன்னோடிகள் கட்டிவைத்த வாசல் வழியாகத்தான் அங்கேயும் நுழைய வேண்டியிருந்திருக்கிறது. ஆனால் சங்கத்தின் தலைவர் நாற்காலியில் நான்சி ஆயர் என்ற முதல் பெண் உட்கார 1997 ஆயிற்று. இருபத்தொன்பது ஆண்டுகள்! தங்களைத் துறையாகவே மதிக்கவில்லை என்று வருந்தியவர்களின் சங்கம் அது. மதிக்கப்படாத வலி தெரிந்தவர்களுக்கு மற்றவர் வலியும் தெரியும் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன் போல.

டிஸ்சார்ஜ் அன்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஒரு நைட் ட்யூட்டில பத்து பேராவது 'சிஸ்டர்'ம்பாங்க மேடம். நீங்க 'அம்மா'ன்னு கூப்பிட்டீங்க, பரவால்ல" என்று சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

அம்மா இன்னும் அவரை "அந்த நர்ஸ் பொண்ணு" என்கிறாள். "டாக்டர்ம்மா" என்று திருத்துகிறேன். "ஆமா, டாக்டர்" என்பாள். மறுநாள் பக்கத்து வீட்டு அக்காவிடம் மறுபடியும், "அந்த நர்ஸ் பொண்ணு மட்டும் இல்லேன்னா..."