முதுமையில் கற்ற இத்தாலியம்

நெருளில் வண்டர்ஸ் பார்க் என வழங்கும் பூங்காவில் உலக அதிசயங்கள் ஏழும் சிற்றுருவில் நிற்கின்றன. உரோமாபுரியின் கொலோசியமும் அவற்றுள் ஒன்று. அதற்கு அண்மையில் சில மாலைகளில் முதியோர் இருவர் அமர்ந்து, பழைய புத்தகம் ஒன்றை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, மழலைகளைப்போல் வாயைக் குவித்தும் விரித்தும் எதனையோ ஒப்புவித்துக் கொண்டிருப்பதை நம் சங்கத்து அன்பர்கள் சிலர் கண்டிருக்கலாம். ஓர் அன்பர் அணுகி, "ஏதேனும் செபமோ?" என்று பணிவோடு வினவியதும் உண்டு. அம்முதியோர் யாமே. ஓதியது செபம் அன்று. இத்தாலிய மொழியின் வினை வாய்பாடு.

இக்கட்டுரையில் 'யாம்' என்று வருவது, எழுதுவோர் தம்மைப் பெருமைப்படுத்திக் கொள்ளும் 'யாம்' அன்று. மெய்யாகவே இருவர், ஒரு தாத்தாவும் ஒரு பாட்டியும். எழுதுகோலைப் பிடித்தவர் தாத்தா. எழுதியதைத் திருத்தியவர் பாட்டி.

எம் மகள் மேற்படிப்பின் பொருட்டு இத்தாலி நாட்டின் டூரின் நகருக்குச் சென்றாள். அந்நகரை அங்குள்ளோர் தொரினோ என்பர். அங்கேயே பணியில் அமர்ந்தாள். உடன் பயின்ற வங்காள இளைஞரை மணந்தாள். அவர்கள் இல்லத்தில் கணவனும் மனைவியும் பேசுவது ஆங்கிலம். வாயிலைத் தாண்டினால் இத்தாலியம். பேரனுக்கு இப்போது ஆறு அகவை. மூன்றாம் அகவையில் மழலையர் பள்ளிக்குச் சென்ற நாள்முதல் அவன் நாவில் குடியேறியது இத்தாலியம் ஒன்றே. அவன் பிறந்தது அந்நாட்டில். ஆயினும் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி, அயல்நாட்டுப் பெற்றோரின் பிள்ளையாகையால், அங்கேயே வளர்ந்து பதினெட்டு அகவை நிறைந்த பின்னரே அந்நாட்டுக் குடியுரிமையைத் தானாகக் கோர இயலும். ஆகவே கடவுச்சீட்டில் அவன் இந்தியன். கனவு காண்பது இத்தாலியத்தில்.

ஞாயிறுதோறும் கைப்பேசியில் அவன் முகம் தோன்றும். அவன் ஏதோ கூறுவான். மகள் அதனைத் தமிழாக்குவாள். யாம் ஏதோ கூறுவோம், அவள் இத்தாலியமாக்குவாள். இடையில் மொழிபெயர்ப்பாளரை நிறுத்தி உரையாடுதல் அரசர்க்கும் தூதர்க்கும் தகும். பாட்டிக்கும் பேரனுக்கும் தகுமோ?

இதன் பொருட்டு எமக்குள் ஒரு வழக்கு எழுந்தது. பேரன் தமிழ் கற்கவேண்டுமே அன்றி, யாம் இத்தாலியம் கற்பது தோல்வியை ஒப்புக்கொள்வதாகும் என்பது தாத்தாவின் கட்சி. இங்கே நெருளிலும் செம்பூரிலும், "பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைக் கற்பியுங்கள்" என்று வீடு வீடாகச் சொல்லி வருகின்றவர், தம் வீட்டிலேயே கொடியை இறக்கலாமோ என்று அவர் கேட்டார். பாட்டி நெடுநேரம் விடை பகரவில்லை. பின்னர், "அவன் தமிழ் படிச்சு முடிக்கிற வரைக்கும் நான் இருக்கணுமே?" என்றார். வழக்கு அத்துடன் முடிந்தது.

மாதுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளை நம்மவர் நன்கறிவர். அங்கே, அட்டை கிழிந்த இத்தாலியப் பாடநூல் ஒன்று அகப்பட்டது. ஆங்கிலேயருக்காக எழுதப்பெற்ற நூல். கைப்பேசியில் ஒரு செயலியும் சேர்ந்தது. ஆசிரியர் இலர், உடன் பயில்வோரும் இலர், தேர்வும் இல்லை.

முதற்கண் யாம் கண்ட வியப்பு, ஆங்கிலேயர்க்கு அரிதென்று அந்நூல் அஞ்சி அஞ்சிக் கூறும் ஒலிகள் நமக்கு மிக எளியன என்பதே. மெய்யெழுத்து இரட்டித்தால் பொருள் மாறும் என்று மூன்று பக்கங்களில் அந்நூல் எச்சரிக்கின்றது. பலியும் பல்லியும் வேறென்று பேதைப் பருவத்திலேயே அறிந்த நமக்கு இது ஒரு செய்தியா? அவர்கள் மொழியில் 'பாலா' மண்வெட்டி, 'பல்லா' பந்து. பாட்டனைக் குறிக்கும் 'நொன்னோ' என்பதில் னகரத்தை இரட்டிக்காது 'நோனோ' என்று விட்டால் 'ஒன்பதாவது' என்று பொருளாகிவிடும். தகர ஒலியும் நம் பல்லொலியே. ஆங்கிலேயரின் டகரம் அன்று. ஏழு என்னும் எண்ணுக்குச் 'செத்தே' என்பது பெயர். நல்ல நாட்களில் அவ்வெண்ணைச் சொல்வதில்லை என்று பாட்டி இன்றும் நோன்பு காத்து வருகின்றார்.

ஆயினும் அவர்களால் இயலாத ஒலிகளும் நம்மிடம் உள்ளன. இரட்டித்த மெய்க்கு முன்னே நெட்டுயிர் நிற்பது அம்மொழிக்கு இயல்பன்று. நாவை மடித்து எழுப்பும் டகரமும் அங்கில்லை. எனவே எம் பேரன் வாயில் தாத்தா 'தத்தா' ஆனார். பாட்டி 'பத்தி' ஆனார். பத்தி என்பது அன்புக்கும் பெயர் என்று பாட்டி மகிழ்ந்துகொண்டார். ஊதுவத்திக்கும் அதுவே பெயர் என்பதைத் தாத்தா நினைவூட்டியிருக்க வேண்டியதில்லை.

உறவுப் பெயர்களில்தான் அம்மொழி வறுமையுற்றது என்று துணிந்து கூறுவோம். பெரியப்பா, சித்தப்பா, மாமன் யாவரும் ஒரே சொல்லில் அடங்குவர். அதனினும் கொடிது, பேரனுக்கும், உடன்பிறந்தார் மகனுக்கும் 'நிபோத்தே' என்னும் ஒரே சொல் வழங்குதல். "என் பேரனையும் உங்க தங்கச்சி மகனையும் ஒரே தட்டில் வைக்கிற பாஷையா?" என்று பாட்டி அன்று புத்தகத்தை மூடிவிட்டார்.

மற்றொரு நாள் ஒரு மனக்குறையும் நேர்ந்தது. பேரன் எம்மை ஒருமையில் விளிக்கின்றான் என்பதை உணரும் அளவுக்கு யாம் தேறிவிட்டோம்! அம்மொழியில் மதிப்புக்குரியோரை 'லெய்' என்பர். அதன் நேர்ப்பொருள் 'அவள்' என்பது. 1938இல் முசோலினியின் ஆட்சி அவ்வழக்கை விலக்கிப் பன்மை முன்னிலையைப் புகுத்த முயன்றது. மக்கள் நாவோ அவ்வாட்சி வீழ்ந்ததும் பழைய வழக்குக்கே மீண்டது. எம் பேரனோ எம்மை 'லெய்' என்னாது 'தூ', அஃதாவது 'நீ' என்றான். பாட்டிக்கு முகம் சுருங்கியது. மகள் நகைத்து, "அம்மா, இங்கே வீட்டு மனுஷங்க எல்லாரும் 'நீ' தான். அவன் உன்னை 'லெய்' என்றால்தான் நீ அழணும்" என்றாள். யோசித்துப் பார்த்தால் நாமும் தாயை 'நீ' என்றுதானே அழைக்கின்றோம். கோயிலில் இறைவனையும் அவ்வாறே. விடைபெறுங்கால் அவன் வீசும் 'சாவ்' என்னும் சொல், வெனிஸ் நகரத்து வழக்கில் 'அடிமை' என்னும் சொல்லினின்று பிறந்ததாம். நம் திருமால் அடியார் கூறும் 'அடியேன்' அன்றோ அது? ஆறு அகவைச் சிறுவன் ஞாயிறுதோறும் 'அடியேன், அடியேன்' என்று கையசைத்து மறைகின்றான்!

நிற்க. தானே கற்றலின் இன்பத்தையே கூறிச் செல்கின்றோம். அதன் எல்லையையும் கூறவேண்டும். "இன்று பள்ளியில் என்ன செய்தாய்?" என்னும் ஒரு வினாவை மூன்று நாள் பயின்று, ஒரு ஞாயிறன்று பிழையின்றிக் கேட்டோம். சிறுவன் கண்கள் விரிந்தன. உடனே காட்டாறுபோல் விடை பாய்ந்தது. எமக்கு விளங்கியவை இரண்டு சொற்கள். அவற்றுள் ஒன்று 'அம்மா'. மீண்டும் சொல்லென்றோம்; சொன்னான். மீண்டும் விளங்கவில்லை. மூன்றாம் முறை அவன் சொல்லவில்லை. கைப்பேசியைத் தாயிடம் தந்துவிட்டு விளையாடச் சென்றான். புத்தகம் எமக்கு வினாவை மட்டும் கற்பித்திருந்தது. அன்றிரவு இருவரும் அதிகம் உண்ணவில்லை.

அன்று தாத்தாவுக்குத் தம் தந்தையார் நினைவு வந்தது. நெல்லைச் சீமையினின்று வந்து, தாராவியில் குடியிருந்து, மாதுங்கா இரயில் பணிமனையில் வேலை பார்த்தவர் அவர். மராத்தியும் இந்தியும் அவருக்கு யார் கற்பித்தார்? இரயில் நிலையப் பெயர்ப்பலகைகளே அவருடைய அரிச்சுவடி. தாதர் என்னும் பலகையில் ஒரே எழுத்து இருமுறை வருவதைக் கண்டு, அதுவே தகரம் என்று துணிந்ததாகச் சொல்வார். அன்னையாரோ அண்டை வீட்டு மராத்திய அம்மையாரிடம் உப்பும் புளியும் கடன் வாங்கியே மொழியையும் வாங்கிக்கொண்டார். அவர்கள் நகைப்புக்கு ஆளாகாத நாள் ஒன்றேனும் இருந்திருக்குமா? அதற்காக வாய் மூடி இருந்தார்களா? தானே மொழி கற்றல் நம் குடிகளுக்குப் புதிதன்று. பட்டியலில் இத்தாலியம் மட்டுமே புதிது.

இதற்கு நேர் எதிர்த்திசையில் நடந்த ஒருவரும் உளர். வீரமாமுனிவரை நாம் பள்ளியிலேயே படித்தோம். இத்தாலியின் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680இல் பிறந்த பெஸ்கி, முப்பது அகவையில் 1710இல் கோவாவில் வந்திறங்கி, பின்னர்த் தமிழகம் புகுந்தார். 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியையும், 1732இல் சதுரகராதியையும் தந்தார். முதலில் அவர் தைரியநாதர் எனப் பெயர் பூண்டது ஏனென்று எமக்கு விளங்கியதே இல்லை. இத்தாலியம் கற்ற பின்னரே, 'கொஸ்தான்ஸோ' என்னும் அவரது இயற்பெயருக்கு உறுதியுடையவன் என்பது பொருள் என்று அறிந்தோம். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் எழுத்தில் பிரித்துக் காட்டி நமக்கு உதவியவர் அவர். அவருடைய தாய்மொழியிலோ திறந்த எகரத்துக்கும் மூடிய எகரத்துக்கும் இன்றளவும் எழுத்து ஒன்றே. 'பெஸ்கா' என்று எழுதினால் ஓர் ஒலிப்பில் பீச் பழம், மற்றோர் ஒலிப்பில் மீன்பிடித்தல். அந்தோ, தம் வீட்டைத் திருத்த அவருக்கு நேரமில்லை போலும்!

இத்தாலி நம்மிடமிருந்து அவ்வளவு தொலைவில் இல்லை என்பதையும் கூறலாம். நெருளில் ஏறும் துறைமுக வழி இரயில் சென்று நிற்கும் சத்திரபதி சிவாஜி மகாராஜ் முனையமே இடைக்கால இத்தாலியக் கட்டடங்களை முன்மாதிரியாகக் கொண்டு எழுப்பப்பெற்றது. அங்கிருந்து சிறிது நடந்தால் டவுன் ஹால் மாளிகை. அதிலுள்ள ஆசியவியற் கழகத்தில், எல்பின்ஸ்டன் வழங்கிய தாந்தேயின் பெருங்காப்பியக் கையெழுத்துப் படி ஒன்று, 14ஆம் நூற்றாண்டினது, காக்கப்பெற்று வருகின்றது. யாம் அதனைக் கண்டதில்லை. அம்மாளிகையின் படிகளில் ஒரு பிற்பகல் அமர்ந்து, கட்டிவந்த தயிர்ச்சோற்றை உண்டு மீண்டோம். தம் ஊரினின்று 1302இல் துரத்தப்பெற்று, திரும்பாமலே 1321இல் இரவென்னா நகரில் மாண்டவர் தாந்தே. இலத்தீனை விடுத்துத் தம் மக்கள் பேச்சில் பாடினார் என்பதை அப்படிகளில் அமர்ந்து பேசிக்கொண்டோம்.

எமக்கு உண்மையில் உதவியவரோ தாந்தே அல்லர். அல்பெர்த்தோ மான்சி என்னும் பள்ளி ஆசிரியர். 1960 முதல் 1968 வரை இத்தாலியத் தொலைக்காட்சியில், எழுத்தறியா முதியோர்க்குப் பெரிய தாளில் கரிக்கோலால் படம் வரைந்து அவர் பாடம் நடத்தினார். 'எந்நாளும் காலம் கடந்துவிடவில்லை' என்னும் பொருளுடையது அந்நிகழ்ச்சியின் பெயர். நாடு 1861இல் ஒன்றுபட்டபோதும் ஊருக்கொரு பேச்சே வழங்கிற்று. பொது இத்தாலியம் பலர்க்குப் பள்ளியில் கற்கும் மொழியாகவே நெடுங்காலம் இருந்தது. ஆதலால் மான்சி மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் கையில் எடுத்துக் கொடுப்பதுபோல் பேசுகின்றார். அப்பழைய படங்களை இன்றும் காண இயல்கிறது. இத்தாலிய உழவர்களோடு யாமும் கடைசி விசுப்பலகையில் அமர்ந்தோம்.

அவரிடம் கற்ற துணிவோடு, அடுத்தடுத்த ஞாயிறுகளில், 'பியானோ, பியானோ' என்றோம். 'மெதுவாக, மெதுவாக' என்பது அதன் பொருள். சிறுவன் சிரித்தான். பின்னர் அவனுக்கே ஓர் எண்ணம் தோன்றியது. அடுக்களைக்குள் ஓடி ஒரு கத்தரிக்காயை எடுத்து வந்து கைப்பேசி முன் நீட்டி, "மெலன்ஸானா" என்றான். யாம் திருப்பிக் கூறினோம். தவறு என்று தலையசைத்து, மீண்டும் கூறச் செய்தான், கண்டிப்பான ஆசிரியன். பாட்டியும் நெருளில் தம் அடுக்களைக் கூடையினின்று ஒரு கத்தரிக்காயை எடுத்து நீட்டி, "கத்தரிக்காய்" என்றார். அவன் நான்கு முறை முயன்றான். அன்று தொடங்கிய பண்டமாற்று இன்றும் நடக்கின்றது: வாரம் பத்துச் சொல் அங்கிருந்து, பத்துச் சொல் இங்கிருந்து. தாத்தாவின் கொடி இறங்கிற்றா ஏறிற்றா என்று இப்போது அவர் கேட்பதில்லை.

சென்ற மாதம் ஒரு செய்தி. கோடை விடுமுறையில் கடற்கரைக்குச் செல்வதைக் கூற வந்த பேரன், "அந்தியாமோ அல் மாரே" என்றான். 'கடலுக்குச் செல்கின்றோம்' என்பது பொருள். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று தாயைக் கேட்டான். அவள் தயங்கினாள். அவர்கள் மொழியில் 'நொய்' ஒன்றே. முன்னிற்பாரைச் சேர்த்துக் கூறுவதற்கும் நீக்கிக் கூறுவதற்கும் வேறு சொல் இல்லை. தமிழிலோ அப்படிக் கூறித் தப்ப இயலாது. தத்தாவும் பத்தியும் வருவதானால் 'நாம்', வாராவிடின் 'நாங்கள்' என்று அவள் விளக்கினாள். அவன் சற்று நேரம் கைப்பேசியில் எம் முகங்களையே நோக்கினான்.

"நாம்," என்றான். பிறகு, எந்த நாள் வருகிறீர்கள் என்று இத்தாலியத்தில் கேட்டான். அவ்வினா எமக்கு முதல் முறையிலேயே விளங்கிற்று.

எம் கடவுச்சீட்டுகள் காலாவதியாகி மூன்றாண்டாயின. மறுநாட் காலை இருவரும் புகைப்படம் எடுத்துக்கொள்ளச் சென்றோம்.