வலியில்லாத காமாலை

உத்திரமேரூரை அடுத்த எங்கள் சிற்றூரில் காமாலை என்றால் கீழாநெல்லிதான். வெறும் வயிற்றில் மோரில் அரைத்துக் கொடுத்து, உப்பையும் புளியையும் நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள். ஆகவே 2017ஆம் ஆண்டுத் தை அறுவடையின்போது எங்கள் தந்தையாரின் கண்கள் மஞ்சளித்ததைக் கண்டு நாங்கள் கலங்கவில்லை. அவருக்கு அப்போது வயது 64. காய்ச்சல் இல்லை, வலியும் இல்லை. “வலிக்காத நோய்க்கு வைத்தியம் எதற்கப்பா?” என்று அவரே சிரித்தார்.

ஆறு வாரங்கள் கழிந்தன. சிறுநீர் கறுத்தது, மலம் சுண்ணாம்பைப் போல் வெளுத்தது, இரவெல்லாம் உடம்பைச் சொறிந்துகொண்டிருந்தார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. இவற்றையெல்லாம் கண்டும் நாங்கள் பத்தியத்தைத்தான் கடுமையாக்கினோம்.

இறுதியில் காஞ்சிபுரத்தில் ஸ்கேன் எடுத்தபோது, கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி இருப்பது தெரிந்தது. கணையம் என்ற பெயரைச் சர்க்கரை நோய் பற்றிய பேச்சில் மட்டுமே கேட்டிருந்த எங்களுக்கு மருத்துவர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னே, ஒரு சாணுக்கும் குறைவான நீளத்தில் அது குறுக்காகக் கிடக்கிறது. கல்லீரலிலிருந்து வரும் பித்த நாளம் அதன் தலைப்பகுதி வழியாகவே குடலை அடைகிறது. அங்கே கட்டி வளர்ந்தால், மடை அடைபட்ட வாய்க்காலைப் போலப் பித்தம் தேங்கி இரத்தத்தில் கலந்துவிடுகிறது. கிருமியால் வரும் காமாலை பெரும்பாலும் தானே தணியும். அந்தப் புகழ் கீழாநெல்லிக்குப் போய்ச் சேருகிறது. அடைப்பினால் வரும் காமாலைக்கு அடைப்பை நீக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

“மஞ்சள் காட்டிக்கொடுத்ததே நல்லது, ஐயா. கணையத்தின் வால்பகுதியில் வரும் கட்டி இப்படிக்கூட முன்னறிவிப்பதில்லை” என்றார் அவர். இந்நோய் கண்டறியப்படும்போது நூற்றுக்குப் பதினைந்து இருபது பேருக்கே அறுவைச் சிகிச்சை செய்யக்கூடிய நிலை இருக்குமாம். தந்தையார் அந்தச் சிலருள் ஒருவராயிருந்தார்.

சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். இம்முறையை 1935ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஆலன் விப்பிள் என்னும் மருத்துவர் வெளியிட்டார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்த நாளத்தின் கீழ்ப்பகுதி ஆகியவற்றையும், சில வேளை இரைப்பையின் ஒரு பகுதியையும் நீக்கிவிட்டு, எஞ்சிய கணையத்தையும் பித்த நாளத்தையும் இரைப்பையையும் சிறுகுடலோடு தைத்து இணைக்கிறார்கள். ஒரு காலத்தில் இதற்கு உட்பட்டவர்களில் நால்வருக்கு ஒருவர் இறந்தனர். இன்று, இதனை அடிக்கடி செய்து பழகிய இடங்களில், நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு. எங்கள் மைத்துனர் கூச்சமின்றி, “இங்கே ஆண்டுக்கு எத்தனை பேருக்கு இதைச் செய்கிறீர்கள்?” என்று கேட்டுவிட்டார். நாங்கள் நாணிப் போனோம். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

அறுவைக்கு முந்திய வாரம் பங்குத்தந்தை நோயில் பூசுதல் அளிக்க வந்தார். எங்கள் அத்தை கதறிவிட்டார். “என் தம்பிக்கு அவஸ்தை பூசவா சாமியாரைக் கூட்டிவந்தீர்கள்?” பெரிய அறுவைச் சிகிச்சைக்குச் செல்பவருக்கும் உரிய அருட்சாதனம் இது என்று விளக்கி அவரைத் தேற்ற அரைமணி நேரம் ஆயிற்று.

அறுவை ஏழு மணி நேரம் நீடித்தது. கட்டி போயிற்று, கவலையும் போயிற்று என்று நாங்கள் இருக்கையில், இன்னும் ஆறு மாதம் கீமோதெரபி வேண்டும் என்றார்கள். “அதைத்தான் எடுத்தாயிற்றே!” என்று தந்தையாரே வாதாடினார். கண்ணுக்குப் புலப்படாத உயிரணுக்கள் எங்கேனும் தங்கியிருக்கும். அவற்றுக்குக் கத்தி எட்டாது. ஜெர்மனியில் நிகழ்ந்த ஓர் ஆய்வின் நீண்டகால முடிவு 2013இல் வெளியாயிற்று. அறுவை மட்டும் பெற்றவர்களில் ஐந்தாண்டு கடந்தவர் நூற்றுக்குப் பத்துப் பேர். அதன்பின் ஜெம்சைட்டபின் மருந்தும் பெற்றவர்களில் இருபது பேர். இருபதும் சிறிய எண்தான். ஆயினும் அது பத்தின் இரு மடங்கு.

அந்த மருந்துக்காகக் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனைக்குச் சென்றோம். மூன்று வாரம் வாரத்துக்கு ஒருமுறை. நான்காம் வாரம் ஓய்வு. உணவுக்குழாய்ப் புற்றுக்காக 1968இல் நியூயார்க்கில் அறுவைச் சிகிச்சை பெற்ற அண்ணா, 1969 பிப்ரவரி 3ஆம் நாள் மறைந்தார். அவருடைய இறுதி ஊர்வலத்துக்குப் பதினாறு வயதில் லாரியேறிச் சென்றவர் எங்கள் தந்தையார். “அன்று அவருக்காக அழுதேன், இன்று அவர் வீட்டுக்கே வந்துவிட்டேன்” என்பார். அங்கே பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்குக் கட்டி இரத்தக் குழாயைப் பற்றியிருந்தது. அவருக்கு முதலில் மருந்து, சுருங்கினால் பிறகு அறுவை. அதற்கும் வழியில்லாதவர்களுக்குப் பித்தநாளத்தில் சிறு குழாய் வைத்து மஞ்சளையும் அரிப்பையும் தணிக்கிறார்கள்.

தந்தையார் நான்காண்டுகள் வாழ்ந்தார். ஏரிக்கரையில் நடந்தார், பேத்தியின் புதுநன்மையைக் கண்டார். பிறகு நோய் கல்லீரலில் தோன்றியது, 2021இல் இறந்தார். அந்த ஆறு வாரங்களை வீணாக்காதிருந்தால் இன்னும் இருந்திருப்பாரா என்று அறுவை மருத்துவரைக் கேட்டோம். “அதை யாராலும் சொல்ல முடியாது” என்றார். எங்களைத் தேற்றுவதற்காக அவர் அப்படிச் சொன்னதாகத் தோன்றவில்லை.

எஞ்சிய கணையம் போதிய செரிமான நீரைச் சுரக்காததால், ஒவ்வொரு வேளை உணவோடும் அவர் ஒரு மாத்திரை விழுங்க வேண்டியிருந்தது. கல்யாண வீடாயினும் கழனியாயினும் அதைத் துண்டின் நுனியில் முடிந்தே எடுத்துச் செல்வார். அடக்கம் முடிந்து துணிகளைத் துவைக்க எடுத்தபோது, அந்தத் துண்டில் இரண்டு மாத்திரைகள் இருந்தன.