மார்க்கையன்கோட்டைக்குப் போற வழியில ஒரு செக் படம்!

லீவுக்கு சுருளியா, மேகமலையானு குழம்பிட்டு இருக்கீங்களா? ரெண்டையும் அடுத்த வாரம் பார்த்துக்கலாம். சின்னமனூர்ல இறங்கி குச்சனூர் பஸ் ஏறுங்க. வழியிலயே மார்க்கையன்கோட்டை. ஒரே ஒரு கண்டிஷன்... முதல் நாள் ராத்திரி ஒரு படம் பார்த்துட்டு வரணும்!

படம், ‘மார்கெட்டா லாசரோவா’. 1967-ல் ஃபிரான்டிஷேக் விளாச்சில் எடுத்த செக் படம். பிளாக் அண்ட் ஒயிட், ரெண்டே முக்கால் மணி நேரம். 2007-ல் இங்கிலாந்திலும் 2013-ல் அமெரிக்காவிலும் டி.வி.டி-யாக வந்த பிறகுதான் உலகம் முழுக்க ரசிகர்கள் இதைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்கள். 1998-ல் செக் விமர்சகர்கள், சினிமாக்காரர்கள் நடுவே நடந்த வாக்கெடுப்பில் ‘எல்லாக் காலத்துக்குமான சிறந்த செக் படம்’ இதுதான்!

கதை நடப்பது 13-ம் நூற்றாண்டு. ஆனா, ராஜா ஹீரோ இல்லை. பனிக்காட்டில் வழிப்பறி செய்து பிழைக்கும் ஒரு குடும்பம், அவர்களை அடக்க வரும் ராஜாவின் படை, நடுவில் கடத்தப்படும் மார்கெட்டா என்கிற பொண்ணு. பளபள கிரீடம் கிடையாது. சேறு, பசி, ஓநாய், குளிர். அந்தக் கால வாழ்க்கை உடம்பில் ஒட்டணும்னு, டீம் மொத்தமும் சுமார் ரெண்டு வருஷம் வெளிப்புறத்திலேயே கிடந்து ஷூட் பண்ணினாங்க.

நம்ம ஊரில்? 1973-ல் வந்த ‘ராஜராஜ சோழன்’தான் தமிழின் முதல் சினிமாஸ்கோப். பெரிய கோயிலுக்குள் ஷூட்டிங் அனுமதி கிடைக்காம செட் போட்டாங்க. செட் அழகுதான். ஆனா, செட்டில் சேறு இருக்காதே பாஸ்!

சரி, இப்ப பஸ் ஜன்னலைப் பாருங்க. ஊர் பேரில் கோட்டை. கண்ணுக்குத் தெரியறது வயல். 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர்தான், இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கருக்கு இருபோக நெல்லைக் கொடுக்குது.

நீங்க பஸ் ஏறின சின்னமனூரில் கிடைத்த செப்பேடுகள் பாண்டியர் வரலாற்றுக்கே சாவி. அதில் பெரியது, பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பாண்டியன் கொடுத்த நிலதானம். அதே ராஜசிம்மன் பிறகு பராந்தக சோழனிடம் தோற்று இலங்கைக்கு ஓடினான். கிரீடத்தை அங்கேயே விட்டுட்டுப் போனான். சுமார் நூறு வருஷம் கழித்து ராஜேந்திர சோழன்தான் அதைக் கைப்பற்றினான். ‘பொன்னியின் செல்வன்’ பார்த்தவங்களுக்குப் பாண்டியர் பகை புதுசு இல்லை.

செப்பேட்டில் ராஜா இருக்கார். தானம் வாங்கினவர் இருக்கார். அந்த நிலத்தை உழுதவர்? ஜெயிச்ச ராஜாவுக்கு ஒரு படம், தோத்த ராஜாவுக்கு ஒரு சீன்... ரெண்டு படையும் போன பிறகு மிதிபட்ட நாத்தை நட்டவளுக்கு?

விளாச்சில் எடுத்தது அந்தப் பக்கத்துக் கதையை. அதுக்குக் கோடிக்கணக்கில் செட் வேணாம். வயலும் ஆறும் மலையும் இங்கேயே இருக்கு. கேமரா உங்க பாக்கெட்ல இருக்கு.

மார்க்கையன்கோட்டையில் இறங்கினதும் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற ஒரு பெரியவர்கிட்ட, “தாத்தா, உங்க ஊருக்கு இந்தப் பேரு எப்படி வந்துச்சு?”னு கேளுங்க. அவர் சொல்ல ஆரம்பிக்கிறப்ப கேமராவை ஆன் பண்ணிடுங்க.

முதல் சீன் ரெடி!