ரத்தத்தின் ரத்தமும் ஒரு லேடீஸ் சைக்கிளும்

உங்க வீட்ல எத்தனை கட்சி? எங்க வீட்ல மூணு!

அப்பா, ரத்தத்தின் ரத்தம். அம்மாவோட தம்பி, அதாவது எங்க மாமா, உடன்பிறப்பு. 2024 பிப்ரவரியில விஜய் கட்சி ஆரம்பிச்ச அன்னைக்கே, ஓட்டுப் போடற வயசுகூட வராத என் தம்பி மூணாவது அணியா கிளம்பிட்டான். அம்மா? தேர்தல் அன்னைக்குக் காலையில முதல் ஆளா வரிசையில நிப்பாங்க. மை வெச்ச விரலோட வந்து இட்லி ஊத்துவாங்க. யாருக்குப் போட்டாங்கன்னு இருபது வருஷமா அப்பாவாலயே கண்டுபிடிக்க முடியலை.

கும்பகோணம் பக்கத்துல ஒரு கிராமம் எங்களுது. மூணு கட்சியும் ஒரே பாயில உட்கார்றது ஐ.பி.எல். சீஸன்ல மட்டும்தான். அப்ப எல்லாருக்கும் ஒரே கொடி, மஞ்சள்!

ஒரு விஷயம் கவனிச்சிருக்கீங்களா? மேட்ச் ஜெயிச்சா, 'ஜெயிச்சுட்டோம்டா'ம்போம். தோத்துட்டா, 'தோத்துட்டானுங்க'. ஜெயிக்கும்போது 'நாம', தோக்கும்போது 'அவனுங்க'. 2025-ல சி.எஸ்.கே. முதல் முறையா பட்டியல்ல கடைசி இடத்துக்குப் போனப்ப, எங்க வீட்ல ஒருத்தர்கூட 'நாம கடைசி'னு சொல்லலை. தேர்தல் ரிசல்ட் அன்னைக்கும் இதே இலக்கணம்தான். வேணும்னா உங்க வீட்லயும் காதைத் தீட்டிக் கேட்டுப் பாருங்க.

ஆனா அந்த மஞ்சள் பாயும் ஒரு தடவை கிழிஞ்சது. 2018 ஏப்ரல் 10. ரெண்டு வருஷத் தடை முடிஞ்சு சி.எஸ்.கே. சேப்பாக்கத்துக்குத் திரும்பி வந்த முதல் மேட்ச். எனக்குப் பன்னிரண்டு வயசு. பள்ளிக்கூடம் விட்டு ஓட்டமா வந்தா, அப்பா டி.வி. ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி பரண்ல போட்டிருந்தார். காவிரி வழக்குல பிப்ரவரி 16 அன்னைக்கு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லி, தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி.னு கணக்குக் கொடுத்து, ஆறு வாரத்துல அதுக்கு ஏற்பாடு பண்ணுங்கன்னு சொல்லியிருந்தது. ஆறு வாரம் போச்சு, ஒண்ணும் நடக்கலை. ஊர் ஊரா மறியல். 'தண்ணி இல்லாம கிடக்கோம், கிரிக்கெட் ஒரு கேடா?'னார் அப்பா. அவர் கட்சிதான் அப்ப ஆட்சியில இருந்தது. ஆனா அன்னைக்கு அவர் பேசினது கட்சிக்காரரா இல்லை, மூணு ஏக்கர்காரரா.

அழுதேன். சமையல்கட்டுல அம்மா மட்டும் மாமாவுக்கு போன் போட்டு மெதுவா ஸ்கோர் கேட்டுச் சொன்னாங்க. மைதானத்துல ஜடேஜா நின்ன பக்கமா யாரோ ஷூவைத் தூக்கி எறிஞ்சாங்களாம். அதே ஜடேஜா கடைசி ஓவர்ல சிக்ஸர் அடிச்சு மேட்ச்சை முடிச்சாராம். சேப்பாக்கத்துல அந்த வருஷம் நடந்த ஒரே மேட்ச் அதுதான். மிச்சமெல்லாம் புனேவுக்குப் போயிடுச்சு. ரசிகர்களுக்குத் தனி ரயிலே விட்டாங்க. எங்க வீட்ல இருந்து ரயிலேற யாரும் இல்லை. டி.வி. ஒயர் பரண்லயே இருந்தது.

ஜூலை 19 மேட்டூரைத் திறந்தாங்க. ஆடிப்பெருக்குக்கு ஆறு கரையை இடிச்சுக்கிட்டு ஓடுச்சு. வெள்ளம் வடிஞ்சு வாய்க்கால்ல தண்ணி நிதானமானதும், அப்பா என்னைக் கூட்டிட்டுப் போனார். தன்னோட கறுப்பு-வெள்ளை-சிவப்புக் கரை வேட்டியை என் இடுப்புல கட்டி, மறுமுனையைக் கையில பிடிச்சுக்கிட்டு, 'அடி, கையை வீசி அடி'ன்னார். நான் நீச்சல் கத்துக்கிட்டது இப்படித்தான்... கட்சி வேட்டியோட ஒரு முனையில! 'வயசுக்கு வர்ற பொண்ணை வாய்க்கால்ல விட்டுக் கூத்தடிக்கிறான்'னு அத்தை கரையில நின்னு கத்தினாங்க. அப்பா திரும்பிக்கூடப் பார்க்கலை. மூணாவது வாரம் வேட்டியை அவிழ்த்துட்டார். அடுத்த வருஷம் அரசலாறு.

இப்ப நான் சென்னையில இன்ஜினீயரிங். போன வருஷம் ஹாஸ்டல் சீனியர் அக்கா ஒருத்தங்க, 'நீ நல்லா நீந்தறியே, டிரையத்லான் வர்றியா?'ன்னாங்க. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணையும் நிறுத்தாம அடுத்தடுத்து முடிக்கணும். சின்ன அளவுன்னா 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். 2000 சிட்னி ஒலிம்பிக்ல இருந்து இருக்கற ஒலிம்பிக் அளவு இதுல அப்படியே டபுள். அயர்ன்மேன்னு சொல்றாங்களே, அந்த ராட்சஸன் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 சைக்கிள், அப்புறம் 42.2 கிலோமீட்டர் முழு மாரத்தான்.

அந்த ராட்சஸன் பிறந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஏன்னா அது நம்ம டீக்கடைக் கதை. ஹவாய்த் தீவுல ஒரு பரிசளிப்பு விழா. நீச்சல்காரன் பெரியவனா, ஓட்டக்காரன் பெரியவனான்னு வாக்குவாதம். ஜான் காலின்ஸ்னு அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஒருத்தர், சைக்கிள்காரனை விட்டுட்டீங்களேன்னு உள்ள புகுந்தார். நம்ம ஊரா இருந்தா அது அடுத்த வாரமும் தொடர்ந்திருக்கும். அவர், அந்தத் தீவுல ஏற்கெனவே நடந்துக்கிட்டிருந்த மூணு பெரிய பந்தயங்களையும் ஒரே நாள்ல ஒட்டவெச்சுட்டார். 1978 பிப்ரவரி 18. பதினஞ்சு பேர் கிளம்பி, பன்னிரண்டு பேர் முடிச்சாங்க. ஜெயிச்ச கார்டன் ஹாலருக்கு ஆனது 11 மணி 46 நிமிஷம். பேசினவங்களே இறங்கி ஓடினாங்க பாருங்க, அதுதான் மேட்டர்!

வீட்ல சொன்னேன். அப்பா கேட்ட முதல் கேள்வி: 'இதுல நம்ம டீம் எது?'

'டீமெல்லாம் இல்லப்பா. தனித்தனியா ஓடணும்.'

'அப்ப யாரைத் தோக்கடிக்கணும்?'

இதுக்கு எனக்கு பதில் சொல்லத் தெரியலை. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க.

நிஜமான பிரச்னை அதுக்கப்புறம் வந்தது. நீச்சல் குளத்துல பாவாடை சட்டையோட இறங்க விட மாட்டாங்க, நீச்சல் உடை கட்டாயம். முழங்கால் வரைக்கும் வர்ற உடைதான் வாங்கினேன். பயிற்சியில எடுத்த ஒரு போட்டோ தம்பி போன்ல இருந்து அத்தை போனுக்குப் போய், அங்கிருந்து சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல விழுந்துச்சு. ரெண்டு நாள் குரூப்ல குடும்ப மானம் பற்றி மாநாடு! 'நாளைக்கு மாப்பிள்ளை வீட்ல என்ன சொல்வாங்க?' தீர்மானம் நிறைவேற்றாத குறை. எட்டு வருஷத்துக்கு முன்னாடி அதே அத்தையைத் திரும்பிக்கூடப் பார்க்காத அப்பா, இந்தத் தடவை எனக்கு போன் பண்ணி, 'படிப்பை மட்டும் பாரு. இல்லேன்னா ஊருக்கு வந்துடு'ன்னார்.

ஊருக்கு வந்துடுன்னா என்ன அர்த்தம்னு கிராமத்துல இருந்து வந்து படிக்கிற பொண்ணுங்களுக்குத் தெரியும். எனக்கு வயிறு கலங்கிடுச்சு. ஒரு வாரம் குளத்துப் பக்கமே போகலை.

அம்மாதான் முடிச்சு வெச்சாங்க. ராத்திரி சாப்பிடும்போது அப்பாகிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டாங்களாம், 'வாய்க்கால்ல அவ இடுப்புல இருந்தது யாரு வேட்டி?' அப்பா பாதிச் சாப்பாட்டுல கை கழுவிட்டுப் போயிட்டார். மறுநாள் தம்பி மூலமா சேதி வந்தது, 'போட்டோ மட்டும் குரூப்புக்கு வராமப் பார்த்துக்கச் சொல்லு.' அம்மா எந்தக் கட்சின்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது.

அடுத்தது சைக்கிள். இந்த விளையாட்டுல நல்ல சைக்கிள்னா லட்சங்கள்ல பேசுவாங்க. என்கிட்ட இருந்தது பிளஸ் ஒன்ல அரசுப் பள்ளியில கொடுத்த லேடீஸ் சைக்கிள். முன்னாடி கூடை, பின்னாடி கேரியர், மொத்தம் 19 கிலோ. ஊர்ல இருந்து பஸ் மேல கட்டிக் கொண்டுவந்தேன். கூடை, கேரியர், ஸ்டாண்டு எல்லாம் கழட்டினதும் 16 கிலோவாச்சு.

'அந்த சைக்கிளே எங்கம்மா கொடுத்தது'ன்னார் அப்பா. 2001-ல ஜெயலலிதா ஆட்சியில தொடங்கின திட்டம்ங்கறது அவர் வாதம். 'உங்க பொண்ணு கையில கொடுத்தது யார் ஆட்சியில? எங்க தளபதி ஆட்சியில!'ன்னார் மாமா. ரெண்டும் உண்மைதான். நான் இன்ஜினீயரிங் சேர்ந்தது அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுல. அது மருத்துவப் படிப்புக்கு 2020-ல எடப்பாடி ஆட்சியில வந்தது, இன்ஜினீயரிங்குக்கு 2021-ல ஸ்டாலின் ஆட்சியில வந்தது. அதுலயும் ரெண்டு பேரும் பாதிப் பாதி! போட்டிக்குக் கட்டின நுழைவுக் கட்டணம், 2022-ல தொடங்கின புதுமைப் பெண் திட்டத்துல மாசம் வந்த ஆயிரம் ரூபாயில சேர்த்து வெச்சது. எந்தப் பக்கமும் சாராத விளையாட்டுன்னு நினைச்சுத்தான் நான் இதுக்குள்ள வந்தேன். எண்ணிப் பார்த்தா தண்ணி, சைக்கிள், சீட்டு, காசு எல்லாமே எங்க வீட்டுச் சண்டையில இருந்து வந்திருக்கு.

இதுக்கு நடுவுல 2025 நவம்பர் 9 அன்னைக்கு கோவாவுல அண்ணாமலை அயர்ன்மேன் 70.3-ஐ முடிச்சார். 1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். எட்டரை மணி நேரம் கெடு, அவருக்கு ஆனது 8 மணி 13 நிமிஷம். புண்ணியவான்! அதுவரைக்கும் 'ட்ரை... என்னமோ'ன்னு சொல்லிட்டிருந்த எங்க ஊர் முழுக்க ஒரே ராத்திரியில டிரையத்லான் நிபுணர் ஆயிடுச்சு. இதே அண்ணாமலைதான் 2023 இறுதிப் போட்டியில கடைசி ரெண்டு பந்துல சிக்ஸரும் ஃபோரும் அடிச்சு சி.எஸ்.கே.வுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த ஜடேஜாவை எங்க கட்சிக்காரர்னு சொன்னவர். எங்க வீட்ல மூணு கட்சியும் சேர்ந்து அவரை எதிர்த்த ஒரே சம்பவம் அதுதான்! அப்புறம் அதே நவம்பர்ல ஜடேஜா ராஜஸ்தானுக்கே போயிட்டார். தம்பி ரெண்டு நாள் யார்கூடவும் பேசலை.

'அது அரை அயர்ன்மேன்தான்'னார் மாமா. 'எங்க மா.சு. நூறு தடவைக்கு மேல அரை மாரத்தான் ஓடினவரு தெரியுமா? ஓடலாம் வாங்கன்னு புத்தகமே போட்டிருக்காரு!' அப்பா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, 'எங்க கட்சியில ஓடறவங்க யாரும் இல்லையா?'ன்னு என்கிட்ட கேட்டார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள மாமா முந்திக்கிட்டார், 'ஓடிப்போனவங்கதான் மாமா நிறைய!'

எனக்கு அண்ணாமலை அரசியல் ஒத்துவராது. ஆனா அந்த 8 மணி 13 நிமிஷத்தைக் கிண்டலடிச்ச கிளாஸ் பசங்ககிட்ட மல்லுக்கு நின்னேன். அரை கிலோமீட்டர் நீந்திட்டு வந்து பேசுங்கடான்னேன். தண்ணி உறுப்பினர் அட்டையெல்லாம் கேட்காது பாஸ்.

2026 ஜனவரியில, ஒரு ஞாயித்துக்கிழமை, கிழக்குக் கடற்கரைச் சாலை பக்கம் என் போட்டி. அப்பா வந்திருந்தார். 'கட்சி வேலையா மெட்ராஸ் வந்தேன், அப்படியே...'ன்னார். காலை அஞ்சரை மணிக்கு என்ன கட்சி வேலைன்னு நான் கேட்கலை. மாமாவும் கூடவே!

750 மீட்டர் நீச்சல் 19 நிமிஷம். தண்ணியில நாலு பேரைத் தாண்டினேன், சொல்லிக்கறேன். வெளிய வந்தா தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் அப்பா. நீச்சல் உடையில, தலையெல்லாம் சொட்டச் சொட்ட நான் ஓடிவர்றதை முதல் தடவையா பார்க்கறார். ஒரு விநாடி முகத்தைத் திருப்பிக்கிட்டார். அடுத்த விநாடி, 'செருப்பைப் போடு புள்ள, கல்லு குத்தும்!'னு கத்தினார். ஹெல்மெட் பக்கிளை மாட்டினதுக்கு அப்புறம்தான் சைக்கிளைத் தொடணும்ங்கறது விதி. பக்கிள் மாட்டற அந்த நேரத்துல பக்கத்துல நின்ன லட்ச ரூபாய் சைக்கிள் எல்லாம் பறந்துடுச்சு. இன்னொரு விதியும் இருக்கு. முன்னாடி போற சைக்கிளை ஒட்டி, அவங்க கிழிக்கிற காத்துல சொகுசா வரக்கூடாது. போட்டியைப் பொறுத்துப் பத்து, பன்னிரண்டு மீட்டர் இடைவெளி விடணும். எனக்கு அந்தக் கவலையே இல்லை. என் முன்னாடி யாருமே இல்லை, எல்லாரும் கண்ணுக்கெட்டாத தூரத்துல! 20 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ரெண்டு நிமிஷம்.

சைக்கிள்ல இருந்து இறங்கி ஓட ஆரம்பிச்சா கால் ரெண்டும் நம்மளோடது இல்லை. கால் இன்னும் பெடல் மிதிச்சுக்கிட்டே இருக்கும், மேல்பாதி மட்டும் ஓடப் பார்க்கும். கல்யாண வீட்டு அண்டாவைக் கட்டிக்கிட்டு ஓடற மாதிரி. நாலாவது கிலோமீட்டர்ல மாமா தண்ணி பாட்டிலோட நின்னார். அப்பா அந்தப் பக்கம் இன்னொரு பாட்டிலோட. ரெண்டு பேர்கிட்டயும் ஒவ்வொரு வாய் குடிச்சேன். கூட்டணி தர்மம்!

மொத்தம் 2 மணி 1 நிமிஷம். எனக்குப் பின்னாடி ரெண்டே பேர். கடைசியா வந்தவர் அறுபதைத் தாண்டின பெரியவர். எல்லாரும் கிளம்பாம அவருக்காகக் காத்திருந்தாங்க. கோட்டுக்கு இருநூறு மீட்டர் முன்னாடி அவர் தெரிஞ்சதும், சேப்பாக்கத்துல அடிக்க வேண்டிய விசிலை அப்பா அங்க அடிச்சார் பாருங்க... ரெண்டு விரலை வாயில வெச்சு! அப்புறம் என்கிட்ட திரும்பி, 'அவரு எந்த ஊர்க்காரரு?'ன்னார். தெரியாதுப்பான்னேன். 'பரவாயில்லை'ன்னுட்டு மறுபடியும் அடிச்சார்.

போட்டோ குரூப்புக்குப் போச்சான்னு கேட்கறீங்களா? போச்சு. போட்டது அப்பாதான். நீச்சல் போட்டோ இல்லை, சைக்கிள் பக்கத்துல ஹெல்மெட்டோட நிக்கறது. அத்தை இன்னும் ஒண்ணும் சொல்லலை.

அடுத்து ஒலிம்பிக் அளவு. 40 கிலோமீட்டருக்கு என் லேடீஸ் சைக்கிள் தாங்காதுன்னு அப்பாவும் மாமாவும் சேர்ந்து, கும்பகோணத்துல ஒரு பழைய கியர் சைக்கிளைப் பேசி வெச்சிருக்காங்க. பெயின்ட் அடிக்கணுமாம். என்ன கலர்ங்கறதுலதான் பேச்சுவார்த்தை இழுத்துக்கிட்டே போச்சு. கடைசியில அம்மா தலையிட்டு, 'மஞ்சள் அடிங்க, சண்டையே இல்லை'ன்னு சொல்ல, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க. அப்பத்தான் தம்பி, 'எங்க கொடியிலயும் நடுவுல மஞ்சள்தான்'னு ஆரம்பிச்சான். சைக்கிள் இன்னும் கடையிலயே நிக்குது.