மார்கழிக் குளிரும் வண்டியின் முனகலும்

கங்கைகொண்ட சோழபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மார்கழி பிறந்துவிட்டால், விடியலில் சேவலுக்கு முன்பே டீசல் வண்டிகள் குரல் கொடுக்கின்றன. பொன்னேரி என இன்று வழங்கும் சோழகங்கத்தின் பக்கமிருந்து பனி இறங்க, இரவெல்லாம் வெட்டவெளியில் நின்ற சரக்கு வண்டிகள் இருமிக்கொண்டே எழுகின்றன. மேனாடுகளின் உறைபனி நமக்கில்லை. நம் குளிர் 20 பாகையை ஒட்டியதுதான். வயதான எஞ்சினுக்கு அதுவே போதும்.

சென்ற மார்கழியில் பங்கு மக்களுள் ஒருவர் கலங்கிய முகத்தோடு நம்மிடம் வந்தார். கடன்பட்டு வாங்கிய பழைய பிக்கப் வண்டியில் காய்கறி ஏற்றிக் கும்பகோணம் சென்று வருவதே அவர் வீட்டின் பிழைப்பு. காலையில் கிளப்பினால் உள்ளே சுத்தியல் கொண்டு அடிப்பது போன்ற ஓசை. எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்று பட்டறையில் சொல்லிவிட்டார்களாம். “சாமி, வீட்டு நகையை அடகு வைக்கலாமா?” என்பதே அவர் கேள்வி. குருமடத்தில் நாம் பயின்றது மெய்யியலும் இறையியலும். எனினும் பல பங்குகளில் பழைய ஜீப்புகளோடு மல்லாடியதில் சிறிது கேள்வியறிவு உண்டு. “நாளைக் காலை நாம் வரும்வரை வண்டியைக் கிளப்பாதீர்கள்” என்றோம்.

ஓசை எப்போது பிறக்கிறது, எப்போது அடங்குகிறது என்பதையே முதலில் கவனிக்க வேண்டும். 1816-இல் பாரிஸ் மருத்துவர் லென்னெக் தாளைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். இதயத்துடிப்பைக் கேட்கும் கருவி அதிலிருந்தே பிறந்தது. நம் ஊர் மெக்கானிக் நீண்ட திருப்புளியின் முனையை எஞ்சின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதருகே வைத்துக் கேட்பதும் அதே கலைதான். சுழலும் விசிறிக்கும் பெல்ட்டுக்கும் விலகி நின்று செய்தல் வேண்டும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. காற்றை இறுக்கி அழுத்துவதால் எழும் வெப்பத்திலேயே டீசல் பற்றுகிறது. குளிர்ந்த இரும்புச் சுவர் அவ்வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டால், எரிபொருள் சற்றுத் தாமதித்து, சேர்ந்தது முழுவதும் ஒரேயடியாகப் பற்றும். ‘டக டக’ என்பது அதன் ஓசை. சூடேறியதும் தணியும். வெண்புகையும் உடன் வந்தால் ஹீட்டர் பிளக்கை ஐயுறலாம்.

இரவில் ஆயில் கீழே வடிந்துவிடுவதால் டேப்பட்டுகள் சில நொடிகள் மெல்லத் தட்டும். தேய்ந்த பிஸ்டன் வெப்பத்தில் விரியும்வரை மந்தமாக மோதும். அப்படியே ஆண்டுக்கணக்கில் ஓடும் வண்டிகளும் உண்டு. பெல்ட் கிறீச்சிட்டால் அதன்மேல் சிறிது நீர் தெளித்துப் பாருங்கள். ஓசை மாறினால் கோளாறு அங்கேதான். சைலன்சர் இணைப்பில் கேஸ்கெட் கசிந்தாலும் டேப்பட் போலவே ஒலிக்கும். கரி படிந்த தடம் அதைக் காட்டிக்கொடுக்கும்.

அஞ்ச வேண்டிய ஓசை வேறு. சூடேற ஏற, சுமையோடு மேடேற ஏற, அடிவயிற்றிலிருந்து வலுக்கும் தட்டல் அது. ஆயில் இளகியதும் தேய்ந்த பேரிங் இடிக்கிறது. அதைக் கேட்டால் அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்திவிட வேண்டும். வீடுவரை ஓட்டிப் பார்ப்போம் என்பது எஞ்சினுக்குக் குழி தோண்டுவதாகும்.

மறுநாள் ஐந்து மணிக்குச் சென்றோம். ஆயில் அளவுகோலில் கீழ்க்கோட்டுக்குச் சற்றே மேலே நின்றது. கிளப்பியதும் ஓசையும் வெண்புகையும் சேர்ந்தே வந்தன. இரண்டு நிமிடத்தில் இரண்டும் தணிந்தன. “சுமையோடு போகையில் தட்டுகிறதா?” என்று வினவினோம். இல்லை என்றார். உடனிருந்த இளம் மெக்கானிக் இன்ஜெக்டர் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்க்க முனைந்தார். பழைய எஞ்சின்களில் அது வழக்கந்தான். இது காமன் ரெயில் வகை. வளிமண்டல அழுத்தத்தினும் ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட விசையில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும். தடுத்துவிட்டோம். பிறகு ஹீட்டர் பிளக்குகளைச் சோதித்ததில் நான்கில் இரண்டு செத்திருந்தன.

இரண்டையும் மாற்றி, ஆயிலையும் மாற்றினார்கள். எஞ்சின் இறங்கவில்லை, நகை அடகுக்குப் போகவில்லை. பனி கடுமையான நாட்களில் வண்டி இப்போதும் அரை நிமிடம் தட்டுகிறது. அவர் அதைக் கேட்டவாறே தார்ப்பாயை இழுத்துக் கட்டுகிறார்.