மூலமும் கருவகமும்

தமிழைப் பாடமாகப் பயிலும் மாணவனுக்கு மூலம் என்ற சொல் புதியதன்று. மூலபாடம், உரை, பாடபேதம் என்பன பற்றி எமது பீடத்தில் ஓயாது பேசப்படுகின்றது. ஏடுகளை ஒப்புநோக்கி 1887ஆம் ஆண்டில் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை பற்றிக் குறிப்பெழுதாத மாணவர் எம்முள் இலர் எனலாம். ஆனால், அக்குறிப்பைத் தட்டச்சுச் செய்யும் கணினிக்கும் ஒரு மூலம் உண்டு என்பதையோ, லினக்ஸ் போன்றவற்றில் அம்மூலத்தை வாசிக்கவும் திருத்தவும் எவருக்கும் உரிமை உண்டு என்பதையோ எண்ணிப் பார்ப்போர் கலைப்பீடத்தில் மிகச் சிலரே. அஃது விஞ்ஞான பீடத்தார் காரியம் என்று ஒதுக்கிவிடுகிறோம். நானும் தேவை வந்த பின்னரே அதனை நாடினேன்.

கணினியின் பணிசெயல் முறைமைக்கு நடுவாக அமைந்த நிரலை ஆங்கிலத்தில் கேர்ணல் என்பர். பத்திரிகைகளில் கேணல் என்ற இராணுவப் பதவியை வாசித்துப் பழகிய எமக்கு அச்சொல் சற்று வேடிக்கையாகவே ஒலிக்கும். கொட்டையினுள் இருக்கும் பருப்பு என்பதே அதன் பொருள். நாம் கட்டளையிடும் நிரலுக்கு ஓடு என்று பெயரிட்டோர், அதன் உள்ளே மறைந்து நின்று தொழிற்படுவதற்குப் பருப்பு என்று பெயரிட்டது பொருத்தமே. இக்கட்டுரையில் அதனைக் கருவகம் என்றே குறிப்பிடுகின்றேன். நினைவகத்தைப் பங்கிடுவதும், எந்த நிரல் எக்கணத்தில் இயங்கவேண்டுமென்று முறைவைப்பதும், வன்பொருள்களோடு உரையாடுவதும் அதன் தொழில்கள்.

லினக்ஸ் கருவகத்தை எழுதத் தொடங்கிய லீனஸ் டோர்வால்ட்ஸ், 1991ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்ற இருபத்தொரு வயது மாணவர். அவ்வாண்டு வெளிவந்த முதற் பதிப்பு ஏறத்தாழ 10,000 வரிகளையே உடையது. 1992இல் அவர் அதனை ரிச்சட் ஸ்டோல்மன் வகுத்த பொது உரிமத்தின்கீழ்க் கொணர்ந்தார். மூலத்தைப் பெறவும், மாற்றவும், மாற்றியதைப் பிறர்க்கு வழங்கவும் அவ்வுரிமம் இடமளிக்கிறது. வழங்குவோன் மூலத்தையும் சேர்த்தே வழங்கவேண்டும் என்பது அதன் நிபந்தனை. 1994இல் வந்த 1.0 பதிப்பில் 176,250 வரிகள் இருந்தன. நான் கையாண்ட 5.15 பதிப்பில் மூன்று கோடி வரிகள் வரை இருந்தன. அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை வன்பொருட் சாதனங்களை இயக்குவதற்கான நிரல்கள்.

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியை எம்மவர் எவரும் மறந்திரார். எரிபொருள் இன்மையால் விரிவுரைகள் இணையவழிக்கு மாறின. மார்ச் மாதம் வரை இருநூறு ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் முந்நூற்றறுபதை எட்டியது. புதுக் கணினி வாங்குவது எங்கள் வீட்டில் பேச்சுக்கும் எடுக்கப்படாத விடயமாயிற்று. எஞ்சியிருந்தது அக்காவின் பழைய மடிக்கணினி. அதன் நினைவகம் 2 கிகாபைற். மின்கலம் இருபது நிமிடம் தாங்கும். கம்பியில்லா இணைப்புச் சாதனம் எப்போதோ பழுதடைந்துவிட்டது. பக்கத்து வீட்டு மாமி தமது வைபையைப் பயன்படுத்த மனமுவந்து இசைந்தார். அதற்கென மலிவாக வாங்கிய சிறு சாதனமொன்றை, நான் நிறுவியிருந்த லினக்ஸ் இனங்காணவில்லை. அதற்குரிய இயக்கி கருவகத்தின் மூலத்தில் இருந்தது. ஆயத்தமாகக் கிடைத்த கருவகத்தில் மட்டும் அது சேர்க்கப்பட்டிருக்கவில்லை. விரிவுரைக்கும் எனக்கும் இடையே நின்றது, யாரோ எங்கோ இட்ட ஓர் ‘இல்லை’ மாத்திரமே.

அப்பாவின் தொலைபேசி வழியாக 120 மெகாபைற்றுக்குச் சற்று மேற்பட்ட மூலப்பொதியை இறக்கினேன். விரித்தபோது அது ஒரு கிகாபைற்றைத் தாண்டியது. அதன்பின் வருவது தெரிவு. கட்டளையிட்டதும் நீலத் திரையில் தலைப்புகளும், தலைப்பினுள் தலைப்புகளுமாக ஆயிரக்கணக்கான வினாக்கள் விரிகின்றன. ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் மூன்று விடைகள்: ஆம் எனின் அப்பகுதி கருவகத்தோடு ஒன்றாகப் பிணைக்கப்படும்; மொடியூல் எனின் வேண்டும்போது ஏற்றத்தக்க தனிக்கோப்பாகும்; இல்லை எனின் கட்டப்படவே மாட்டாது. வினாக்களுக்கு உதவிக் குறிப்புகளும் உண்டு. முதலில் இன்னது இன்ன பயனுடைத்து என்று விளக்கி, ஈற்றில் ஐயமுண்டாயின் இல்லை என்க, அல்லது ஆம் என்க என்று முடிக்கும் அவற்றின் நடை, சூத்திரமும் காண்டிகையுரையும் பயின்ற எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. ஆங்கிலமாயினும் எளிய ஆங்கிலம். எமது உசாத்துணை நூல்கள் சிலவற்றினும் தெளிவானது என்பேன்.

ஆயத்தக் கருவகத்தின் தெரிவுகளையே வைத்துக் கட்டினால் அம்மடிக்கணினிக்கு ஐந்தாறு மணித்தியாலங்கள் வேண்டும். எங்கள் பகுதிக்குரிய எழுத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட மின்வெட்டு நேரங்களோ நாளைத் துண்டாக்கின. ஆகவே ஒவ்வோர் ‘இல்லை’யும் மிச்சப்பட்ட நேரமாயிற்று. அவ்வேளை ஏற்றப்பட்டிருக்கும் மொடியூல்களை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றைக் களையும் கட்டளை ஒன்று உண்டு. அதனை இயக்குமுன் வீட்டிலுள்ள பென் டிரைவ் முதலியவற்றைச் செருகிவிடுதல் வேண்டும். செருகாதவை இல்லாதவையாகவே கொள்ளப்படும். அதன்பின் எனது சாதனத்தின் இயக்கியைத் தேடிச் சேர்த்தேன். வன்தட்டின் கோப்பு முறைமைக்குரிய பகுதிக்கு ஆம் என்று இட்டேன். மூல வட்டை வாசிக்கும் வழியறியாத கருவகம் எழுந்தவுடனேயே திகைத்து நின்றுவிடும். அதற்கெனப் பழைய கருவகத்தையும் தொடக்கப் பட்டியலில் விட்டுவைப்பது எல்லோரும் கைக்கொள்ளும் வழக்கம்.

கட்டத் தொடங்கியதும் கோப்புப் பெயர்கள் வரிவரியாக ஓடின. “தம்பி, இன்னும் முடியேல்லையா? கறண்ட் போகப்போகுதெல்லே” என்று அம்மா குசினியிலிருந்து கேட்டார். முடியவில்லை, மின்சாரம் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னரே போயிற்று, மின்கலமும் கைவிட்டது. ஆனால் கட்டும் கருவி, மூலக்கோப்பின் நேரத்தையும் அதிலிருந்து ஆக்கப்பட்ட கோப்பின் நேரத்தையும் ஒப்பிட்டு, மாறியதையும் எஞ்சியதையும் மட்டுமே மீளக் கட்டும். இரவு மின்சாரம் வந்தபின் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. இறுதிப் பிணைப்பில் மட்டும் தடை ஏற்பட்டது. மின்சாரம் நின்ற கணத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த இரண்டு கோப்புகள், பெயரும் நேரமும் உடையனவாய், உள்ளே ஒரு பைற்றும் அற்றனவாய்க் கிடந்தன. நேரத்தை மட்டும் நோக்கும் கருவி அவற்றை முடிந்தவையாகக் கருதியிருந்தது. வெற்றுக் கோப்புகளைத் தேடி அழித்து மீண்டும் கட்டினேன். இடையில் தெரிவுகளையும் ஒருமுறை திருத்தினேன். கூட்டிப் பார்த்தால் ஒன்றரை மணித்தியாலத்துள் அடங்கிய வேலை. இரண்டு நாட்கள் எடுத்தது.

மறுநாட் காலை புதிய கருவகம் எழுந்தது, சாதனம் இனங்காணப்பட்டது, மாமியின் வைபை திரையிற் தோன்றியது. தானே கட்டிய கருவகத்தால் கணினி பறக்கும் என்போர் கூற்றை நான் ஏற்கேன். நினைவகத்தில் மிஞ்சியது சொற்பம், தொடங்கும் நேரம் சில செக்கன் குறைந்தது, அவ்வளவே. அன்றியும் ஆயத்தக் கருவகத்துக்குத் தானாக வந்துசேரும் பாதுகாப்புத் திருத்தங்கள் இதற்கு வாரா. ஒவ்வொரு திருத்தத்துக்கும் கட்டுவோனே பொறுப்பு. நேரமும் மின்சாரமும் உள்ளவர்க்கும் தேவையற்ற உழைப்பு என்றே கூறுவேன். தேவையிருந்தமையாற் செய்தேன்.

இருப்பினும் ஒன்றைச் சொல்லாதிருக்க முடியவில்லை. கருவகத்தின் பதிப்பைக் காட்டும் கோப்பொன்று உண்டு. ஏட்டின் கடைசியில் எழுதி முடித்த நாளையும் தன் பெயரையும் பொறித்துச்செல்லும் எழுத்தாளனைப் போன்று, கட்டியவன் பெயர், கட்டப்பட்ட கணினியின் பெயர், தொகுப்பானின் பதிப்பு, எத்தனையாம் முறை கட்டப்பட்டது, நாள், நேரம் யாவும் அதில் ஒரே வரியில் நிற்கும். அதில் என் பெயரும் மூன்று என்ற எண்ணும் இருந்தன. அவ்வரியை விஞ்ஞான பீட நண்பனுக்கு அனுப்பியபோது, “மச்சான், நாங்களே இதைச் செய்து பார்க்கேல்லையே” என்று பதில் எழுதினான்.

அதே கிழமை தம்பியின் வகுப்பில் முகத்தைக் காட்டவேண்டும் என்றார்கள். மடிக்கணினியிற் கமரா இல்லை. இரவல் வாங்கிவந்த கமராவை எனது கருவகம் அறியவில்லை. நீலத் திரையைத் திறந்து, கமராப் பகுதிக்கு முன் இட்டிருந்த ‘இல்லை’யை மொடியூல் என்று மாற்றினேன். அம்முறை மின்வெட்டுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது, போதுமானதாயிற்று.